தண்ணீருக்குள் முதல் 5 நிமிடங்கள்... உடலுக்குள் என்ன நடக்கிறது?

சினிமாவில் தண்ணீரில் மூழ்குகிறவர் சும்மா மூழ்க மாட்டார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "காப்பாத்துங்க... காப்பாத்துங்க..." என்று கத்துவார். உள்ளே போவார், மேலே வருவார், மறுபடியும் கத்துவார். கரையில் நிற்கும் ஹீரோ சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிப்பதற்கு இயக்குநர் தாராளமாக நேரம் கொடுத்திருப்பார்.

நிஜத்தில் அந்த நேரமும் கிடையாது, அந்தச் சத்தமும் கிடையாது. படித்துறையில் நாலு பேர் துணி துவைத்துக்கொண்டு இருக்கும்போதே, பத்தடி தள்ளி ஒரு பிள்ளை மூழ்கிப்போகலாம். "பக்கத்துலதான் இருந்தோம். ஒரு சத்தம்கூடக் கேட்கலை" என்று கதறுகிறவர்களை ஊர் சந்தேகத்தோடு பார்க்கும். ஆனால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மணிக்கு 30 பேருக்கும் மேல். இதில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. டெங்குவுக்கும் காய்ச்சலுக்கும் பயப்படுகிற அளவுக்கு நாம் கிணற்றுக்கும் ஏரிக்கும் பயப்படுவதில்லை.

ஏன் கத்துவதில்லை?

அமெரிக்காவில் ஃபிராங்க் பியா என்று ஓர் உயிர்காப்பாளர் இருந்தார். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் வேலை. மூழ்குகிறவர்கள் கடைசி நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை, நிஜமான மீட்புகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். 1970-களில் அவர் சொன்னது அதுவரை எல்லோரும் நம்பியதற்கு நேர் எதிராக இருந்தது. மூழ்கத் தொடங்கியவர் கையை ஆட்டுவதில்லை, கத்துவதில்லை. 20 முதல் 60 விநாடிகள் வரை தண்ணீரின் மேற்பரப்பில் அமைதியாகப் போராடிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

காரணம் எளிது. பேச்சு என்பது வெளியே விடும் மூச்சில் உருவாவது. முதலில் மூச்சு இருந்தால்தான் அதில் பேச்சு வரும். மூழ்குகிறவரின் வாய் ஒரு கணம் தண்ணீருக்கு மேலே வருகிறது. அந்த ஒரு கணத்தில் உள்ளே இருக்கும் காற்றை விட்டு, புதுக் காற்றை இழுத்தாக வேண்டும். அதற்குள் மறுபடியும் உள்ளே போய்விடுகிறார். இதில் "அம்மா" என்று கூப்பிட எங்கே நேரம்?

கைகளும் அவர் சொல்பேச்சு கேட்காது. இரண்டு கைகளும் தானாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தும். எப்படியாவது வாயை மேலே தூக்கிவிட வேண்டும் என்று உடல் தன்னிச்சையாகச் செய்கிற வேலை அது. பக்கத்தில் விழுந்த கயிற்றைக்கூட எட்டிப் பிடிக்கத் தோன்றாது. கால்கள் உதைக்காது. உடல் நெட்டுக்குத்தலாக நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். கரையிலிருந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவதுபோல இருக்கும். "பாரு, விளையாடிட்டு இருக்கான்" என்றுதான் நினைப்போம்.

அப்படியானால், கத்துகிறவர்கள் யார்? அவர்களும் ஆபத்தில் இருப்பவர்கள்தான். ஆனால், அந்தக் கட்டத்துக்கு இன்னும் போகாதவர்கள். கயிறு போட்டால் பிடித்துக்கொள்வார்கள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால்தான் கரையில் இருப்பவருக்கு வயிறு கலங்க வேண்டும். சந்தேகம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் நல்லது. வெறித்த பார்வை மட்டும்தான் பதில் என்றால், கையில் இருப்பது அரை நிமிடம்.

ஒன்றரை லிட்டர் இருப்பு

தண்ணீருக்குள் போனதும் மனிதர் முதலில் செய்வது, வாயில் வருகிற தண்ணீரைத் துப்புவது அல்லது விழுங்குவது. அதற்கும் வழியில்லாதபோது மூச்சை அடக்குவது. இந்த அடக்கல் பெரும்பாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்து 'ஒன்றரை நிமிஷம்' என்று பெருமைப்படுகிறவருக்கும் இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

ஏனென்றால், நம் உடலில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கக் கிடங்கு எதுவும் கிடையாது. நுரையீரலில் இருக்கும் காற்று, ரத்தம், தசைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பெரியவரின் உடலில் சுமார் ஒன்றரை லிட்டர்தான் ஆக்சிஜன் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவாகிறது. இருப்பு முழுவதையும் பயன்படுத்தவும் முடியாது. பாதி தீர்வதற்குள்ளேயே மூளை தடுமாற ஆரம்பித்துவிடும். பயத்தில் இதயம் படபடக்க, கைகள் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும்போது செலவு பல மடங்கு. மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு கீழே இறங்கியதும் இதனால்தான். இறங்குகிற வேலையைக் கல் செய்யும், மேலே இழுக்கிற வேலையைப் படகில் இருப்பவர் செய்வார். மூச்சு அடியில் தேடுவதற்கு மட்டும்.

மூச்சை அடக்கும்போது நெஞ்சு வெடித்துவிடும்போல ஒரு தவிப்பு வருகிறதே, அது ஆக்சிஜன் குறைந்ததால் வருவதென்று நினைக்கிறோம். உண்மையில், ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான் பெரும்பாலும் அந்தத் தவிப்பை உண்டாக்குகிறது. அது கூடக் கூட ரத்தம் அமிலமாகிறது. மூளைத்தண்டு உடனே 'மூச்சு விடு' என்று உத்தரவு போடுகிறது.

இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ளாததால் நன்றாக நீச்சல் தெரிந்த பையன்களே உயிரை விடுகிறார்கள். கிணற்றில் முங்கு நீச்சல் போட்டி நடக்கும். யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று பந்தயம். குதிப்பதற்குமுன் 'புஸ்... புஸ்...' என்று வேக வேகமாகப் பத்து இருபது முறை மூச்சை இழுத்து விடுவார்கள். ஆக்சிஜனை நிரப்பிக்கொள்வதாக எண்ணம். ஆனால், ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் சாதாரணமாகவே 97, 98 சதவிகிதம் ஆக்சிஜன் நிரம்பித்தான் இருக்கும். அதற்குமேல் நிரப்ப இடமில்லை. வேகமாக மூச்சு விடுவதால் நடப்பது ஒன்றுதான்... கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. அதாவது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். தவிப்பே வராது. 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்' என்று தோன்றும்போதே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வந்துவிடும். தண்ணீருக்கு அடியில் மயங்கினால் அடுத்து வருகிற மூச்சு தண்ணீராகத்தான் இருக்கும். மேலே நிற்கும் நண்பர்களோ, 'மாப்பிள்ளை ஜெயிச்சிடுவான்' என்று விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

மூச்சை அடக்க முடியாத ஒரு கட்டம் வரும். விருப்பம் இல்லாவிட்டாலும் உடல் மூச்சை இழுத்தே தீரும். தண்ணீர் உள்ளே வருகிறது, இருமல் வருகிறது. சிலருக்குக் குரல்வளை இறுக மூடிக்கொள்ளும். நுரையீரலுக்குள் தண்ணீர் போகாமல் காக்க உடல் போடுகிற கதவு அது. பரிதாபம் என்னவென்றால், காற்றுக்கும் அதே கதவுதான். ஆக்சிஜன் மேலும் குறைந்து மூளை மங்கும்போது அந்தத் தசை தளர்ந்து, கதவும் திறந்துகொள்ளும்.

மூழ்கியவரின் நுரையீரலில் குடம் குடமாகத் தண்ணீர் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பெரும்பாலானவர்களின் நுரையீரலுக்குள் போகும் தண்ணீர், உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிலிட்டருக்கும் குறைவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 80 மில்லி. காபி டம்ளரில் பாதி.

இவ்வளவு கொஞ்சம் தண்ணீர் எப்படி ஆளைச் சாய்க்கிறது? நுரையீரல் என்பது கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகளின் தொகுப்பு. அந்தப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க, உள்பக்கம் சோப்பு நுரைபோல ஒரு வழவழப்பான திரவம் பூசப்பட்டிருக்கும். தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது அல்லது கெடுத்துவிடுகிறது. பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ரத்தம் நுரையீரலுக்கு வந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறது. கடல் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

அடுத்தது மூளை. நம் எடையில் 2 சதவிகிதம்தான் மூளை. ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. அவசரத்துக்கென்று எதையும் சேமித்து வைத்துக்கொள்ளாத உறுப்பு அது. முதலில் நினைவு தப்பும். பிறகு மூச்சுவிடும் முயற்சியே நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை செல்கள் நிரந்தரமாகச் சேதமடையத் தொடங்கும். நினைவுகளைப் பதிய வைக்கும் 'ஹிப்போகேம்பஸ்' பகுதி முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று. தாமதமாக மீட்கப்பட்டுப் பிழைத்தவர்களில் சிலர், பழையதெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

கடைசியாகத்தான் இதயம். முதலில் வேகமாகத் துடித்து, பிறகு மெதுவாகி, துடிப்பு இருந்தும் ரத்தத்தைத் தள்ளும் பலமில்லாமல் போய், அப்புறம்தான் நிற்கும். மூச்சு நின்றதற்கும் இதயம் நிற்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில விநாடிகளாக இருக்கலாம், சில நிமிடங்களாக இருக்கலாம். பிழைப்பதற்கான வாய்ப்பு முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பிரேசில் மருத்துவர் டேவிட் ஸ்பில்மேன் அந்நாட்டுக் கடற்கரைகளில் மீட்கப்பட்டவர்களை ஆராய்ந்து 1997-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். மூச்சு மட்டும் நின்றிருந்தவர்களில் 44 சதவிகிதம் பேர் இறந்தார்கள். இதயமும் நின்றுவிட்டவர்களில் 93 சதவிகிதம் பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற உயிர்கள், கரையில் நிற்பவர்கள் அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை.

தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் வருகிறதே?

நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? பிள்ளையை வெளியே எடுத்ததும், பலசாலியான ஒருவர் இரண்டு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார். அல்லது குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குவார்கள். மல்லாக்கப் போட்டு வயிற்றை அழுத்துவதும் உண்டு. மடமடவென்று தண்ணீர் வெளியே வரும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும். "தண்ணி வந்துடுச்சு, பொழச்சிக்குவான்!"

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வயிற்றிலிருந்து. மூழ்கும்போது விழுங்கிய தண்ணீர் அது. வயிற்றில் இருக்கும் தண்ணீரால் யாரும் மூச்சுத்திணறிச் சாவதில்லை. நுரையீரலுக்குப் போன கொஞ்சத் தண்ணீரை அழுத்தியோ சுற்றியோ எடுக்கவும் முடியாது. அதைவிட மோசம், வயிற்றை அழுத்தும்போது தண்ணீரோடு சாப்பாடும் அமிலமும் தொண்டைக்கு வந்து, நினைவில்லாதவரின் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற பலன் இருப்பதால்தான் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு, மூன்று நிமிடங்கள்தான் மேலே சொன்ன இடைவெளி.

இதில் நம் ஊரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே 1767-ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாயோடு வாய் வைத்து ஊதலாம் என்று அப்போதே சொன்னார்கள். நல்ல யோசனை. கூடவே, மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை உள்ளே ஊதவும் சொன்னார்கள்! அன்றைய மருத்துவர்கள் இதை மனதார நம்பினார்கள். லண்டனில் 1774-ல் இதேபோலத் தொடங்கப்பட்ட சங்கம், தேம்ஸ் நதிக்கரையில் அதற்கான துருத்தியும் குழாயுமாகப் பெட்டிகள் வைத்திருந்தது. புகையை விட்டுவிட்டு ஊதுவதை மட்டும் எடுத்துக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

முதலில் மூச்சு

மூழ்கியவருக்குத் தேவை ஆக்சிஜன். வெளியே எடுத்த உடனே, தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொரு கையின் விரல்களால் தாடையை மேலே தூக்குங்கள். நாக்கு விலகி மூச்சுப்பாதை திறக்கும். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். 10 விநாடிகளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இதற்குள் இன்னொருவர் 108-க்கு போன் செய்திருக்க வேண்டும்.

மூச்சு இல்லையென்றால், மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை வாயால் முழுக்க மூடி, மார்பு மேலே எழும்பும் அளவுக்கு ஊதுங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் முதலில் 5 முறை ஊதச் சொல்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் 2 முறை. எண்ணிக்கையில் குழம்ப வேண்டாம், ஊதுவதுதான் முக்கியம். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெதுவாக ஊத வேண்டும். அதன் பிறகும் அசைவோ மூச்சோ இல்லையென்றால், மார்பின் நடுவில் கைகளை வைத்து, 5 செ.மீ ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, மறுபடி 2 முறை ஊத வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்தினால் போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

'மார்பை மட்டும் அழுத்தினால் போதும், ஊத வேண்டாம் என்று பயிற்சியில் சொன்னார்களே?' என்று சிலர் கேட்கலாம். அது திடீரென்று இதயம் நின்று சாய்கிறவர்களுக்கு. விழுவதற்கு ஒரு விநாடி முன்வரை அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, பம்ப்தான் நின்றிருக்கிறது. மூழ்கியவருக்கு நிலைமை தலைகீழ். ரத்தத்தில் ஆக்சிஜனே இல்லை. அதை எவ்வளவுதான் சுற்றவிட்டாலும் மூளைக்குப் போய்ச்சேர ஒன்றுமில்லை. ஆனாலும், ஊதத் தெரியவில்லை, முடியவில்லை என்றால் சும்மா நிற்க வேண்டாம். அழுத்துவதையாவது செய்யலாம்.

வாயில் நுரை வரும். அதைத் துடைத்துக்கொண்டே இருக்க அவசியமில்லை, நுரையோடே ஊதலாம். நடுவில் வாந்தி வருவது மிகச் சாதாரணம். ஒருக்களித்துத் திருப்பி, வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடர வேண்டும். இது எதையும் படித்து மட்டும் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. பொம்மையின் மேல் ஒருமுறை செய்து பார்த்த கைக்கு நிஜத்தில் நடுக்கம் குறையும்.

80 நிமிடம் கழித்துப் பிழைத்தவர்

'ஒரு மணி நேரத்துக்கும் மேல தண்ணிக்குள்ள இருந்து பொழச்சிருக்காங்களாமே...' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வரும். அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையான ஒரு நிகழ்வு இருக்கிறது. 1999 மே 20. நார்வே நாட்டின் நார்விக் நகருக்குப் பக்கத்தில் பனிச்சறுக்கு விளையாடிய இளம் மருத்துவர் அன்னா பாகன்ஹோம், உறைந்திருந்த ஓடையில் தலைகீழாக விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். அங்கே கிடைத்த சிறிய காற்று இடைவெளியில் 40 நிமிடங்கள் மூச்சு விட்டார். பிறகு அசைவு நின்றது. மொத்தம் 80 நிமிடங்கள் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஹெலிகாப்டரில் ட்ரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவர் உடல் வெப்பநிலை 13.7 டிகிரி செல்சியஸ். மூச்சு இல்லை, இதயத்துடிப்பு இல்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தின் மூலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி உள்ளே செலுத்தினார்கள். இதயம் மறுபடியும் துடித்தது. பிழைத்து, நீண்ட நாள் சிகிச்சைக்குப் பிறகு, அதே மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தார். 2000-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

இதில் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, ஒரு வரிசை இருக்கிறது. அன்னாவின் உடல் முதலில் குளிர்ந்தது, பிறகுதான் ஆக்சிஜன் தீர்ந்தது. உடல் வெப்பம் ஒரு டிகிரி குறையும்போது மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 5 சதவிகிதம் குறைகிறது. இதயம் நின்றபோது அவருடைய மூளைக்கு ஏறக்குறைய எதுவுமே தேவைப்படாத நிலை. நம் ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் அந்தக் குளிருக்கு வழியில்லை. மூளை சூடாகவே இருக்கும், பசியோடே இருக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீருக்கு நெருக்கமான கணக்கு, ஸ்பில்மேனும் மற்றவர்களும் 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் தொகுத்துத் தந்தது. மூழ்கியிருந்த நேரம் 5 நிமிடத்துக்குள் என்றால், இறப்பு அல்லது கடுமையான மூளைச்சேதத்துக்கான வாய்ப்பு 10 சதவிகிதம். 6 முதல் 10 நிமிடம் என்றால் 56 சதவிகிதம். 11 முதல் 25 நிமிடம் என்றால் 88 சதவிகிதம். அதற்கும் மேல் கிட்டத்தட்ட 100. ஐந்தாவது நிமிடத்துக்கும் ஆறாவது நிமிடத்துக்கும் நடுவே இருக்கிற அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் 5 நிமிடத்துக்குள் வருவது அரிது. பக்கத்தில் இருப்பவர்தான் மீட்பவர்.

குதிப்பதற்குமுன்...

ஆனால், அந்தப் 'பக்கத்தில் இருப்பவர்' யோசிக்காமல் குதிப்பதுதான் நம் ஊரின் இன்னொரு சோகம். தங்கை வழுக்கி விழுகிறாள், அக்கா இறங்குகிறாள், அக்காவைக் காப்பாற்ற அம்மா இறங்குகிறார். ஒரே வீட்டில் மூன்று பேர். கோடை விடுமுறையிலும் ஆடிப்பெருக்கு சமயத்திலும் இந்தச் செய்தி வராத வருடம் உண்டா? மூழ்குகிறவருக்குக் கையில் கிடைப்பது எல்லாமே ஏறி நிற்பதற்கான படிதான். அது தன் அம்மாவின் தோள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மூளைக்குத் தெரியாது.

மண் அள்ளிய ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே இரண்டு ஆள் பள்ளமாக இருக்கும். அதனால், படுத்துக்கொண்டு வேட்டியை, புடவையை, துப்பட்டாவை நீட்டுங்கள். நீளமான கம்பு இருந்தால், கையால் தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பவரின் அக்குளுக்கு அடியில் கொண்டுபோங்கள். மூடி போட்ட காலி எண்ணெய் கேன், பிளாஸ்டிக் குடம், காலி வாட்டர் கேன் எல்லாமே மிதவைதான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீர்நிலைக்கே போகாத குழந்தைகளும் மூழ்குகிறார்கள். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலைதான் கனம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், தானாக நிமிர முடியாது. ஒரு சாண் தண்ணீர் போதும். அங்கேயும் சத்தம் வராது. பங்களாதேஷில் குழந்தைகள் அதிகம் மூழ்குவது காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் என்று கண்டுபிடித்தார்கள். அம்மாக்கள் சமையலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் நேரம். அந்த நேரத்துக்கென்றே கிராமங்களில் குழந்தைகள் காப்பகம் நடத்தி இறப்புகளைக் குறைத்துக் காட்டினார்கள். நம் வீடுகளில் குளியலறைக் கதவைச் சாத்துவதும், பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பதும், தரைத்தொட்டிக்குப் பூட்டு போடுவதும் செலவில்லாத வேலைகள். வலிப்பு நோய் இருப்பவர்கள் தனியாகக் குளத்துக்கோ கிணற்றுக்கோ போகக் கூடாது. மது குடித்தவர்கள் கூட்டமாகவும் போகக் கூடாது.

மீட்டு எடுத்தவர் கண் விழித்து, எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே போன தண்ணீரால் அடுத்த சில மணி நேரங்களில் நுரையீரல் வீங்கி மூச்சுத்திணறல் வரலாம். விடாத இருமல், வேகமான மூச்சு, அசாதாரணமான தூக்கக் கலக்கம் இருந்தால் காத்திருக்கவே கூடாது.

அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்?" என்பதைத்தான். பதற்றத்தில் ஒருவர் 2 நிமிடம் என்பார், இன்னொருவர் அரை மணி நேரம் என்பார். கடைசியாக அவரை வெளியே பார்த்தது எப்போது, 108-க்கு போன் போன நேரம் என்ன, வெளியே எடுத்தது அதற்கு முன்பா பின்பா, மூச்சு ஊதினீர்களா, எப்போது ஆரம்பித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். போன் செய்த நேரம் உங்கள் மொபைலிலேயே பதிவாகியிருக்கும்.